தடை சொல்ல வந்தவர்

அண்ணையைக் குடும்ப வட்ஸ்அப் குழுவிலிருந்து கலைத்துவிட்டார்கள் என்று அவருக்கே சொல்லவேண்டிய பாவம் என் தலையில்தான் விழுந்தது. நான் சந்தையில் மீன் விற்று முடித்து வந்து வாசலில் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தேன். அண்ணை கைபேசியை நீட்டியபடி கேற்றைத் திறந்துகொண்டு வந்தார். போன் பழுதாம். குழுவுக்குள் ஒன்றும் எழுத விடுகிறதில்லையாம். றஜிந்தனிடம் கொடுத்துத் திருத்தித் தரச் சொன்னார்.

றஜிந்தன் என் மகன். நகரத்தில் ஒரு கடையில் போன் திருத்துகிற வேலைதான் அவனுக்கு. போனில் ஒரு பழுதும் இல்லை, மாமாவைக் கலைத்தது தானேதான் என்பதால் அவன் அறையை விட்டு வெளியே வரவில்லை. நான் கையைத் துடைத்துக்கொண்டு, அண்ணைக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, உள்ளதைச் சொன்னேன். அவர் கடைசிச் சொட்டு வரை குடித்தார். கிளாசைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். ஒரு வார்த்தை சொல்லாமல் எழும்பிப் போனார். என் அண்ணை நீக்கிலாப்பிள்ளை ஒரு வார்த்தை சொல்லாமல் போனார் என்றால் எங்கள் ஊர் குருநகரில் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

நடந்தது இதுதான். கனடாவில் நேர்ஸாக இருக்கிற என் மகள் ஷெரோன், தன்னோடு வேலை செய்கிற சுபாஜினியைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, படங்களைக் குழுவில் போட்டிருந்தாள். இரண்டு பேரும் சேலை, இரண்டு பேர் கையிலும் பூச்செண்டு. அங்கே அது சட்டப்படி கலியாணம். இங்கே எந்தப் பதிவுக் கந்தோரிலும் பதியமாட்டார்கள். மகள் எனக்கு முன்பே சொல்லியிருந்தாள். சொன்ன நாளில் நான் அழுதேன், கத்தினேன், போனை வைத்தேன், திரும்ப நானே எடுத்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கு இன்னும் முழுதாக விளங்கவில்லை. ஆனால் என் பிள்ளை அந்தப் படத்தில் சிரித்த மாதிரிச் சிரித்து நான் கனகாலம் கண்டதில்லை. எனக்கு அது காணும், அதற்குமேல் வேண்டாம்.

அண்ணைக்குக் காணவில்லை. குழுவில் எல்லோரும் பூவும் இதயமுமாகப் போட்டுத் தள்ளிக்கொண்டிருக்க, அவர் ஒரு நீண்ட குரல்பதிவு போட்டார். அதில் ஏச்சு ஒன்றும் இல்லை. பிள்ளைகள் நல்லாயிருக்கட்டும், ஆனால் உது கலியாணம் இல்லை, திருச்சபை அப்படிப் படிப்பிக்கவில்லை, தானும் அப்படி நம்பவில்லை, வாழ்த்துச் சொன்னால் அது பொய்யாகிவிடும் என்று சொல்லியிருந்தார். கேட்டு முடிக்கமுதலே றஜிந்தன் அவரைக் கலைத்தான். பிரான்சில் இருக்கிற சொந்தக்காரப் பிள்ளைகள் அதற்கும் கைதட்டினார்கள்.

என் மனுசன் பிரகாஸ் கடலுக்குப் போய்த் திரும்பாதபோது ஷெரோன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கவில்லை, றஜிந்தன் என் மடியில். அண்ணைதான் தன் வள்ளத்தாலும் வலையாலும் எங்களைத் தூக்கி நிறுத்தினார். தான் கலியாணம் கட்டவில்லை. கேட்டால், ஒருத்தியும் சம்மதிக்கவில்லை என்று சிரிப்பார். அப்படிப்பட்டவர்தான் எங்கள் கோயிலில் ஊருக்கெல்லாம் ஓலை வாசிக்கிறவர். கலியாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில், இன்னாருக்கும் இன்னாருக்கும் மகனான இன்னாருக்கும் என்று பேர் ஊர் எல்லாம் வாசித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று கேட்பார்கள். வெளிநாட்டு மாப்பிள்ளைகளுக்கு லீவு காணாததால் இப்போதெல்லாம் மூன்று ஓலையையும் ஒரே நாளில் வாசித்துத் தள்ளுவதும் உண்டு. அண்ணைக்கு மைக் தேவையில்லாத குரல். அவர் வாசித்தால்தான் கலியாணம் நடக்கும் என்ற நம்பிக்கையே வரும் என்று பொம்பிளையைப் பெற்ற தாய்மார் சொல்லுவார்கள்.

கலைத்த நாளிலிருந்து அவர் எங்கள் படியேறவில்லை. ஆனால் அவருடைய வள்ளத்திலிருந்து கறிக்கு மீன் மட்டும் நாள் தவறாமல் கேற்றில் வந்து தொங்கியது. கோபத்திலும் நல்ல மீனாகப் பார்த்துத்தான் அனுப்பினார். அந்தப் பையைக் கண்டால் எனக்கு அழுகையும் வரும், ஆத்திரமும் வரும். இரண்டையும் அடக்கிக்கொண்டு சமைத்துவிடுவேன்.

விஷயம் ஷெரோனுக்குப் போனது. தனக்காகச் சண்டை பிடித்ததற்கு அக்கா நன்றி சொல்லுவாள் என்று றஜிந்தன் காத்திருந்தான். அவளோ அவனைப் பிடித்து நல்ல வாங்கு வாங்கினாள். மாமா சொன்னது தனக்கு நொந்தது உண்மை, ஆனால் அவரைச் சொல்லவிடாமல் கதவைச் சாத்த நீ ஆர் என்று கேட்டாள். சொல்ல அவருக்கு உரிமை இருந்தால், கேளாமல் விட எனக்கு உரிமை இல்லையோ என்று இவன் கேட்டான். இரண்டு பேர் சொல்வதும் எனக்குச் சரியாகவே பட்டது, அதுதான் கரைச்சல். கடைசியில் அவன் மாமாவைத் திரும்பச் சேர்த்தான். அண்ணை உடனே தானாகவே விலகினார். கலைத்த இடத்துக்குத் திரும்பி வர அவர் என்ன, ஆட்டுக்குட்டியா?

ஓகஸ்ட்டில் சுபாஜினியோடு வருவதாகவும், வீட்டில் ஒரு கலியாணச் சாப்பாடு வைக்கவேண்டும் என்றும் ஷெரோன் சொன்னாள். மாமா வராவிட்டால் சாப்பாடே வேண்டாமாம். மாமா வந்து வாயைத் திறந்தால் நான் எழும்பிப் போய்விடுவேன் என்று றஜிந்தன் சொன்னான். நடுவில் நின்று எனக்கு விசர் பிடித்தது. என் மகளும் மகனும் அண்ணையும் ஒரு பந்தலுக்குள் இருந்து சோறு தின்னவேண்டும். கடவுளிடம் நான் கேட்டது அவ்வளவுதான், பெரிய வரம் ஒன்றுமில்லை.

கதிரையும் ஒலிபெருக்கியும் வாடகைக்கு விடுகிற கனிசியஸிடம் போனேன். என்ன விசேஷம் என்று கேட்டான். மகளின் கலியாணச் சாப்பாடு என்றேன். மாப்பிள்ளை ஆர் பெடியன் என்றான். பெடியன் இல்லை, இரண்டும் பொம்பிளை என்றேன். அவன் கொஞ்ச நேரம் ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டு நின்றான். நானும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, ஏதாவது சொல்லு பார்ப்பம் என்று நின்றேன்.

"அப்ப கதிரை எத்தினை அக்கா?" என்றான்.

பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். சுபாஜினி உடுப்பிட்டிப் பிள்ளை, நல்ல உயரம், என்னைவிடப் பெரிய சிரிப்பு. வந்த மறுநாளே என்னோடு சந்தைக்கு வந்து, விலை குறைத்துக் கேட்ட ஒரு மனிசனோடு வாய்காட்டி, அவன் தலையில் ஒரு முழுத் திருக்கை மீனைக் கட்டிவிட்டாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது. நான் இதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் தேடவில்லை.

பின்னேரம் நாங்கள் மூன்று பேரும் அண்ணை வீட்டுக்குப் போனோம். அவர் முற்றத்தில் இருந்து கிழிந்த வலையை ஊசியால் பொத்திக்கொண்டிருந்தார். ஷெரோனைக் கண்டதும் முகம் பூரித்து, பிறகு கோபம் நினைவு வந்தவராக முகத்தை இறுக்கிக்கொண்டார். அவள் சுற்றி வளைக்கவில்லை. சாப்பாட்டுக்கு முதல், வீட்டு முற்றத்தில் எங்களுக்கு ஓலை வாசிக்கவேண்டும், நீங்கள்தான் வாசிக்கவேண்டும் என்றாள்.

"ஓலை கோயிலின்ரை. அதை நான் விளையாட்டுக்கு வாயிலை எடுக்க மாட்டன்," என்றார் அண்ணை.

"சரி மாமா, வாசிக்க வேண்டாம். வந்து உங்கடை தடையைச் சொல்லுங்கோ."

"எங்கை?"

"எல்லாருக்கும் முன்னாலை. மைக் வைச்சுத் தாறன்."

அண்ணை ஊசியைக் கீழே வைத்தார். தன்னைப் பகிடி பண்ணுகிறாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தார்.

"இல்லை மாமா," என்றாள். "தடை சொல்ல ஆக்களை விடாமல் செய்தா, அது ஒளிச்சுச் செய்த கலியாணம் மாதிரி. நான் ஒண்டையும் ஒளிக்கேல்லை. நீங்கள் சொல்லுறது எனக்குப் பிடிக்காது. ஆனா நீங்கள் வராமல் விட்டா என்னாலை தாங்க ஏலாது."

அவர் ஊசியை எடுத்து ஒரு கண்ணியைப் பொத்தி முடித்தார். பிறகு வருவதாகச் சொன்னார். தான் சொல்லி முடிக்கும் வரை ஒருவரும் எழும்பக்கூடாது என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"ஆனா கை நனைக்க மாட்டன் பிள்ளை. தடையும் சொல்லிப்போட்டு இருந்து திண்டா, நான் சொன்ன சொல்லுக்கு என்ன மரியாதை?"

எங்கள் பக்கத்தில் கலியாண வீட்டில் கை நனைத்தால் சம்மதம் என்றுதான் கணக்கு. சம்மதம் இல்லாதவன் பச்சைத்தண்ணியும் குடிக்காமல் எழும்பிப் போவான். ஷெரோன் முகம் வாடிவிட்டது. அது உங்கள் விருப்பம் என்று மட்டும் சொன்னாள். எனக்கு அண்ணையின் வலையைத் தூக்கி அவர் தலையிலேயே போட வேண்டும் போல் இருந்தது.

சாப்பாட்டு நாள் விடிந்தது. கனிசியஸ் பந்தலுக்குள் கதிரை அடுக்கினான். அயலில் கூப்பிட்டவர்களில் சிலர் வரவில்லை. கூப்பிடாத சிலர் புதினம் பார்க்க வந்தார்கள், அவர்களுக்கும் சேர்த்துத்தான் நான் சோறு போட்டிருந்தேன். சுபாஜினியின் தகப்பன் ஆழ்வாப்பிள்ளை ஒரு பை நிறையத் தோட்டத்துக் கத்தரிக்காயோடு மோட்டார் சைக்கிளில் தனியாக வந்து இறங்கினார். தாய் மீனாம்பிகைக்குத் தலையிடியாம். மனிசன் சைவம், மீன் வாசத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். அவருக்கென்று புதுச்சட்டியில் சமைத்திருக்கிறேன் என்றதும்தான் மூச்சு விட்டார்.

அவரை அண்ணைக்குப் பக்கத்தில் இருத்தினேன். சம்பந்திமார் முறுகிக்கொள்ளாத கலியாணத்தை நான் கண்டதில்லை, என்ன நடக்குமோ என்று அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தேன். ஆழ்வாப்பிள்ளை மெல்லச் சாய்ந்து, தனக்கும் இதில் துண்டறச் சம்மதம் இல்லை என்றார். அண்ணை தனக்கும்தான் என்றார். இரண்டு பேரும் கதிரையை இன்னும் கிட்ட இழுத்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் வெங்காய விலை, டீசல் விலை, மழை என்று கதை ஓடியது. இப்படி ஒத்துப்போன சம்பந்திகளை யாழ்ப்பாணத்திலேயே காண ஏலாது. அண்ணை பேசியதும் தானும் எழும்பிப் பேசுவதாக ஆழ்வாப்பிள்ளை வாக்குக் கொடுத்தார்.

நேரம் வந்தது. கனிசியஸ் மைக்கை அண்ணையின் கையில் கொடுத்தான். ஷெரோனும் சுபாஜினியும் முன்வரிசையில் கைகோத்தபடி இருந்தார்கள். றஜிந்தன் பந்தல் காலோடு சாய்ந்து, ஒலிபெருக்கியின் பிளக்குக்குப் பக்கத்தில் நின்றான். நான் அவனுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

அண்ணை தொண்டையைச் செருமினார். கையில் மைக், முன்னால் வரிசையாக ஊர்ச்சனம், அதில் கலியாணம் கட்டிய இரண்டு பேர். அத்தனை வருஷப் பழக்கம் அவரைக் கேட்டுக்கொண்டா வாயைத் திறக்கும்?

"குருநகரைச் சேர்ந்த காலஞ்சென்ற பிரகாஸுக்கும் லூர்த்தம்மாவுக்கும் மகளான ஷெரோனுக்கும், உடுப்பிட்டியைச் சேர்ந்த ஆழ்வாப்பிள்ளைக்கும் மீனாம்பிகைக்கும் மகளான சுபாஜினிக்கும்..."

கோயிலில் வாசிக்கிற அதே குரல், அதே இழுவை. என் மனுசனின் பேர் அந்தக் குரலில் வந்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் நிறுத்தவில்லை. முதலாம், இரண்டாம், மூன்றாம் ஓலை என்று ஒரே மூச்சில் சொல்லி, இவர்களுடைய திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று முடித்தும்விட்டார். முடித்த பிறகுதான் தான் என்ன செய்தார் என்பது அவருக்கே தெரிந்தது. மைக்கைப் பார்த்தார். ஷெரோனைப் பார்த்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தாள், சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்கே தெரியவில்லை.

வழக்கமாக அந்த இடத்தில் ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. கோயிலில் அந்த அமைதிக்குப் பிறகு பாட்டுத் தொடங்கிவிடும். இங்கே பாட்டும் இல்லை.

"எனக்குத் தெரியும்," என்றார் அண்ணை. "தடையை நான்தான் சொல்லுறன். ஆணும் பெண்ணும் சேருறதைத்தான் நான் கலியாணம் எண்டு படிச்சனான். அதைத்தான் நம்புறன். இவள் என்ரை கையிலை வளந்த பிள்ளை. மற்றப் பிள்ளையிலையும் நான் ஒரு குறையும் காணேல்லை. ரெண்டு பேரும் நல்லாயிருக்க வேணுமெண்டு நான் மண்டாடுறன். ஆனா உதைக் கலியாணம் எண்டு என்னாலை சொல்ல ஏலாது. சொல்லாமல் சிரிச்சுக்கொண்டு இருந்தா நான் கள்ளன்."

றஜிந்தனின் கை பிளக்குக்குப் போனது. நான் அவன் தோளைப் பிடித்து அமத்தினேன். மீன்கூடை தூக்கிப் பழகிய கை என்பதால் அவன் அசையவில்லை.

சுபாஜினி எழும்பிப் போய் அண்ணையிடம் மைக்கை வாங்கினாள்.

"மாமா, நாங்கள் செய்தது கலியாணம்தான். அதிலை எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. நீங்கள் சொன்னது பிழையெண்டுதான் நான் நினைக்கிறன். ஆனா என்ரை முகத்தைப் பாத்துச் சொன்னியள். கனபேர் வாசலிலை சிரிச்சுப்போட்டு ஒழுங்கையிலை நிண்டுதான் கதைக்கினம். அதாலை உங்களிலை எனக்கு மரியாதை." அவள் தகப்பன் பக்கம் திரும்பி மைக்கை நீட்டினாள். "அப்பா, நீங்களும் சொல்லுங்கோ."

ஆழ்வாப்பிள்ளை எழும்பினார். சனத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். அண்ணை அவருக்குத் தைரியம் சொல்வதுபோல் தலையாட்டினார்.

"அண்ணர் எல்லாத்தையும் சொல்லிப்போட்டார்," என்றார் ஆழ்வாப்பிள்ளை. "எனக்குப் பசிக்குது."

பந்தல் அதிர்ந்தது. புதினம் பார்க்க வந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். அண்ணை மட்டும், களத்தில் தனியாக விடப்பட்ட ஆளாக, தன் கூட்டாளியை முறைத்தார். பிறகு அவருக்கும் அடக்க முடியாமல் போனது.

இலை போட்டோம். அண்ணை எழும்பிப் போகப்போகிறார் என்று நான் கேற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் சேட்டுக் கையை மடித்துவிட்டு அடுப்படிக்கு வந்து, குழம்பு வாளியைத் தூக்கினார். கை நனைக்கத்தானே மாட்டேன் என்றார், பரிமாற மாட்டேன் என்று சொல்லவில்லையே. வரிசை வரிசையாக ஓடி ஓடிப் போட்டார். சுபாஜினியின் இலைக்கு முன்னால் நின்று, மீன் துண்டு காணாது என்று திரும்பி வந்து பெரிய துண்டாகத் தேடிக் கொண்டுபோய் வைத்தார். ஆழ்வாப்பிள்ளைக்குச் சைவச் சட்டியை ஆரும் தொடாமல் காவல் காத்தார். அவரைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சந்தோஷம் பொங்கியது, ஆனால் அடியில் ஒரு முள்ளும் இருந்தது. ஊரே சாப்பிட்டு முடித்துக் கை கழுவியது. அண்ணையின் கை காய்ந்தபடியே இருந்தது.

கடைசியில் வீட்டுக்காரர் மட்டும் மிஞ்சினோம். இலை முடிந்துவிட்டது, சோற்றுக் கோப்பைகளை எடுத்து வைத்தேன். அண்ணை தூரத்தில் ஒரு கதிரையில் போய் இருந்து தோளில் கிடந்த துவாயால் வேர்வையைத் துடைத்தார். றஜிந்தன் தன் கோப்பையை எடுத்துக்கொண்டு நேரே அவரிடம் போனான். கலைத்த நாளிலிருந்து அவன் மாமாவோடு பேசவில்லை.

"மாமா, நீங்கள் சொன்னதிலை ஒரு இடம் பிழை," என்று பக்கத்தில் இருந்தான்.

"எந்த இடம்? சொல்லு பாப்பம்," என்று அண்ணை நிமிர்ந்தார்.

தொடங்கியது சண்டை. சட்டம் என்றான் இவன், வேதம் என்றார் அவர். சட்டம் ஆளுக்கு ஆள் மாறக்கூடாது என்றான். நம்பிக்கை ஆளுக்கு ஆள் மாறும், அதையும் சட்டம் காக்க வேணும் என்றார். அப்ப என்ரை அக்காவுக்கு இங்கை என்ன பாதுகாப்பு என்று கேட்டான். அவளுக்கு ஒருத்தன் கை வைச்சால் நான் சும்மா இருப்பேனோ என்று கோபமாகக் கேட்டார். அது பதில் இல்லை மாமா என்றான். ஓம், அது பதில் இல்லைத்தான் என்று ஒத்துக்கொண்டார். பிறகு வேறு பக்கத்தால் தொடங்கினார். இரண்டு குரலும் ஒழுங்கை முடிவுவரை கேட்டிருக்கும். எங்கள் வீட்டில் இந்தச் சத்தம் கேட்டு எத்தனை நாள். அதை நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அதைவிட இனிமையான பாட்டு வேண்டியிருக்கவில்லை.

நடுவில் சுபாஜினி சோறும் கறியும் போட்ட கோப்பையை அண்ணையின் கையில் வைத்துவிட்டு வந்தாள். அவர் அதைக் கவனிக்கவில்லை. விரலை நீட்டி நீட்டி, றஜிந்தனுக்கு ஏதோ விளங்கப்படுத்தியபடியே சோற்றைக் குழைத்து வாயில் வைத்தார். ஷெரோன் என் கையை இறுக்கிப் பிடித்தாள். இரண்டாவது வாய் வைக்கப் போனபோதுதான் அவருக்குத் தெரிந்தது. நனைந்த கையைப் பார்த்தார். எங்கள் எல்லோரையும் பார்த்தார். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் போயிருக்கலாம், ஆரும் மறித்திருக்கமாட்டோம்.

சுபாஜினி தேங்காய்ப்பால் சொதிச் சட்டியோடு பக்கத்தில் போய் நின்றாள்.

"நான் சொன்னது சொன்னதுதான், பிள்ளை," என்றார் அண்ணை.

"ஓம் மாமா. நான் சொன்னதும் அப்பிடித்தான். சொதி விடட்டோ?"

அவர் கோப்பையை அவளிடம் நீட்டினார்.

"கனக்க விடு," என்றார்.